ஓவர்லாக் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

ஈரோடு ஜங்ஷன், விடியற்காலை

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் குளிர், ஈரோட்டுக்கு இதுவே அதிகம். கன்னியாகுமரியில் கிளம்பி அசாமின் திப்ருகர் வரை போகும் விவேக் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கிறோம். இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடும் ரயில் இதுதான். ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர், ஒன்பது மாநிலம். நாங்கள் குவாஹாத்தியில் இறங்கிவிடுவோம்.

நாங்கள் என்றால் நானும் நாலு பையன்களும். நாலு பேரும் திருப்பூரில், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் என்னுடைய ஜாப் ஒர்க் யூனிட்டில் தைக்கிறவர்கள். நெல் அறுப்புக்கு ஊருக்குப் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் சுணங்கிக் கிடக்கிறது. பதினாலு மிஷினில் ஆறுதான் ஓடுகிறது. சும்மா உட்கார்ந்து கூரையைப் பார்ப்பதற்குப் பதில் நானும் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது, "இத்தன தூரம் போயி ஒரு பாட்டுக்காரரு சமாதியப் பாக்கோணுமா? பழனிக்குக் கூப்புட்டா கால் வலிக்குதுன்னு சொல்லுவீங்க" என்று கேட்டாள். பதில் இல்லை. அசாமைச் சேர்ந்த அந்தப் பாட்டுக்காரரின் பெயர் ஜுபின் கார்க். அவர் பேசிய மொழியில் எனக்கு மொத்தம் பத்து வார்த்தை தெரியும்.

முதல் நாள்: ரயிலில், ஆந்திரா

காட்பாடி, ரேணிகுண்டா, நெல்லூர் எல்லாம் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே புகையிலையா மிளகாயா என்று தெரியாத ஏதோ ஒரு பயிர். சொல்ல ஒன்றுமில்லை. அதனால் பழைய கதையைச் சொல்கிறேன்.

நாலு பேரில் மூத்தவன் ஓவர்லாக் டெய்லர். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். 2018-ல் பத்தொன்பது வயதில் வந்தான். அப்போது தமிழில் "சாப்பாடு", "சம்பளம்", "அண்ணா" மூன்றும்தான் தெரியும். இப்போது பீஸ் ரேட்டுக்கு என்னிடமே கொங்குத் தமிழில் சண்டை போடுகிறான்.

வந்த முதல் வாரத்திலிருந்தே அவன் மிஷின் பக்கத்தில் ஒரு போன் பாடிக்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மிஷின் போடும் சத்தம் மழை பெய்கிற தகரக்கூரையைவிட மோசம். ஒன்று ஓடினாலே பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. பதினாலும் ஓடினால் என்ன பாட்டு கேட்கும்? ஆனால் ஒருவன் துணியைத் திருப்பும்போது, இன்னொருவன் நூல் கோர்க்கும்போது, நாலைந்து மிஷின் ஒரே சமயத்தில் நின்றுபோகும். அந்த ரெண்டு மூன்று நொடியில் அந்தக் குரல் மேலே வரும். அப்புறம் சத்தம் மூடிவிடும். ஏழு வருஷமாக அவர் பாட்டை நான் இப்படித் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன். கட்டிங் டேபிளில் விழுகிற வெட்டுத்துணி மாதிரி.

எனக்குப் பாட்டுப் பிடிக்காது என்றில்லை. வேலை நேரத்தில் பிடிக்காது. "டேய், அந்தப் பாட்ட அமத்துடா" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். அமத்துவான். நான் செக்கிங் பக்கம் நகர்ந்ததும் திரும்பப் போடுவான்.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. மறுநாள் பீஸ் டெலிவரி கொடுக்கவேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நான் வெளியே போய்விட்டு வந்தால் மிஷின் ஒன்றும் ஓடவில்லை. கரன்ட் கட் என்று நினைத்தேன், ஆனால் ஃபேன் சுற்றுகிறது. அசாம் பையன்கள் ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவே ஒரு போன். நான் எடுத்தவுடனே கத்தினேன். டெலிவரி, லாரி, உங்களுக்கெல்லாம் சம்பளம் எங்கிருந்து வருது, எல்லாமே. ஒருத்தன்கூட நிமிரவில்லை. தம்பிதான் கடைசியில், "ஜுபின்தா செத்துட்டாருங்கண்ணா. சிங்கப்பூர்ல. கடல்ல" என்றான். 'தா' என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்.

யார் என்று கேட்டேன். ஏழு வருஷம் கழித்து, யார் என்று கேட்டேன்.

மிச்சப் பீஸைத் தமிழ்க்கார டெய்லர்களை வைத்து ராத்திரி முடித்தோம். அது வேறு கதை. திங்கள்கிழமை வந்தார்கள், தைத்தார்கள். செவ்வாய்க்கிழமை 23-ஆம் தேதி தகனம். அன்றைக்கு ஒரு மணி நேரம் மிஷினை நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டான். சரி என்றேன். போனில் நேரலை. அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எம்.ஜி.ஆர். இறந்தபோது எனக்கு ஏழு வயது, தெருவில் பெண்கள் அழுதது மட்டும் ஞாபகம். அந்த ஞாபகம்தான் வந்தது. அந்தக் கூட்டம் முழுக்க ஒரே பாட்டைப் பாடியது. சத்தமில்லாத யூனிட்டில், முதல் தடவையாக ஒரு பாட்டை முழுசாகக் கேட்டேன்.

இரண்டாம் நாள்: ஒடிசாவிலிருந்து வங்காளம்

காலையில் புவனேஸ்வரம், கட்டாக். மகாநதியில் மணல்தான் அதிகம். சாயங்காலம் கரக்பூர் தாண்டியதும் பெட்டியில் பாஷை மாறிவிட்டது.

அந்த ஒரு பாட்டைப் பற்றி எழுதவேண்டும். 'மாயாபினி' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். முதல் அடி 'மாயாபினி ராதிர் புகுத்'. 2001-ல் வந்த ஓர் அசாமியப் படத்துக்காக ஜுபினே பாடியது. தம்பியிடம் அர்த்தம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "மாயம் பண்ற ராத்திரியோட நெஞ்சுக்குள்ள" என்றான். மாயாவினி, ராத்திரி. பாதி நம்மிடமும் இருக்கிற சொற்கள்தான். தான் செத்தால் ஊரே இந்தப் பாட்டைப் பாடவேண்டும் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே மேடையில் சொல்லி வைத்திருந்தார். அப்படிச் சொல்கிற ஆட்கள் உண்டு, நாம் கேட்டுவிட்டு மறந்துவிடுவோம். இவர்கள் மறக்கவில்லை.

குரலைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு வார்த்தை போதவில்லை. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். வழுவழுப்பான குரல் இல்லை அது. எங்கள் பாஷையில் சொன்னால் பிரஷிங் பண்ணாத காட்டன். தொட்டால் நூல் தெரியும். கீழே பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, கொஞ்சம் மூக்கில் வரும். மேலே போகும்போது ஒரு இடத்தில் விரிசல் விடும். இதோ உடையப் போகிறது என்று நினைப்போம், உடையாது. அந்த விரிசலுக்காகவே திரும்பக் கேட்கத் தோன்றும்.

2006-ல் 'யா அலி' என்று ஓர் இந்திப் பாட்டு இந்தியா முழுக்க ஓடியதே, நம் ஊர் டீக்கடைகளில்கூட. அது இவர்தான். அது எனக்குத் தெரிந்த பாட்டு! அதைப் பாடியவர்தான் என் யூனிட்டில் தினமும் பாடிக்கொண்டிருந்தார் என்பது தெரியாது.

பையன்கள் மாற்றி மாற்றிச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். பிறந்தது 1972 நவம்பர் 18, மேகாலயாவின் துராவில். அப்பா மாஜிஸ்ட்ரேட், கவிதையும் எழுதுவார். அம்மா பாடுவார். இசை நடத்துநர் ஜுபின் மேத்தாவின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். குடும்பப் பெயர் போர்தாகூர், கார்க் என்பது கோத்திரம். அப்பாவுக்கு மாற்றல் வேலை என்பதால் ஊர் ஊராக வளர்ந்தவர். சின்ன வயதில் பல வருஷம் தபலா. காலேஜைப் பாதியில் விட்டார். 1992-ல் 'அனாமிகா' என்று ஒரு கேசட். அதற்கப்புறம் அசாமில் அவர் குரல் இல்லாத பேருந்து இல்லை என்று நால்வரில் சின்னவன் சொன்னான். அவன் பிறந்ததே 2004-ல். அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், "அம்மா சொல்லிச்சு" என்கிறான்.

ஒரு தங்கை, ஜோங்கி. அவரும் பாடகி, நடிகை. 2002-ல் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். அதே காரில் இருந்த ஜுபின் சற்று முன்புதான் வேறு வண்டிக்கு மாறியிருந்தார். தங்கை நினைவாக அதே வருஷம் ஓர் ஆல்பம் போட்டார். இதைச் சொன்னபோது நாலு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சொந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி.

மூன்றாம் நாள்: குவாஹாத்தி

சிலிகுரியைத் தாண்டியது தூக்கத்தில். அஞ்சு மணிக்கு முழித்துப் பார்த்தால் நாலு பெர்த்தும் காலி. கதவோரம் நிற்கிறார்கள். வெளியே பனிமூட்டம், அதற்குள் பாக்குமரங்கள், மூங்கில், வீட்டுக்கு வீடு ஒரு குளம். பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிட்டோமோ என்று ஒரு நொடி தோன்றியது. அசாமுக்குள் நுழைந்தாயிற்று. யாரோ போனை எடுத்தார்கள். பிஹுப் பாட்டு, வேகமானது.

பிஹு என்பது அவர்களுக்கு நம் பொங்கல் மாதிரி. ஆனால் வருஷத்தில் மூன்று வரும். ஏப்ரலில் வரும் போஹாக் பிஹுதான் ஆட்டமும் பாட்டமும். தோல் என்னும் மேளம், எருமைக் கொம்பில் செய்த பேப்பா, பல்லில் கடித்து வாசிக்கும் மூங்கில் கோகோனா. மெட்டு அஞ்சு சுரத்துக்குள்ளேயே சுற்றும், என் காதுக்குச் சில சமயம் சுத்த தன்யாசி வாடை அடிக்கிறது. ஜுபின் செய்தது, இந்த மெட்டுக்குக் கீழே கிதாரும் டிரம்ஸும் வைத்தது. பெரியவர்களுக்கு முதலில் பிடிக்கவில்லையாம். அப்படித்தானே எப்போதும்.

பிரம்மபுத்திராவைக் கடக்கும்போது பெட்டியே எழுந்து நின்றது. காவிரியைக் கடப்பது மாதிரி இல்லை. மறுகரை பனியில் தெரியவில்லை. சின்னவன் ஒரு ரூபாய்க் காசை விட்டெறிந்து கும்பிட்டான்.

முற்பகலில் இறங்கினோம். மற்ற மூன்று பேரும் அவரவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நானும் தம்பியும் லாட்ஜில் பையை வைத்துவிட்டு ஜாலுக்பாரி போனோம், முந்தைய தலைமுறை அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவின் சமாதி. அவரைத் தமிழர்களில் கொஞ்சம் பேருக்காவது தெரியும். 2011 நவம்பரில் மும்பையில் இறந்தார். அப்போதும் கூட்டம் தாங்காமல் தகனத்தைத் தள்ளி வைத்தார்கள். அந்த ஆழமான குரல் ஆற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கும் குரல். "அவர் பெரிய தாத்தா. ஜுபின்தா எங்க அண்ணன்" என்றான் தம்பி. இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. நம் ஊரில் பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் வீடு சேராத நேரம். டீக்கடையில் ஒரு பெரியவர், நான் தமிழ்நாடு என்றதும் இந்தியில் பிடித்துக்கொண்டார். பிஹு மேடையில் இந்திப் பாட்டுப் பாடக்கூடாது என்று ஆயுதம் தூக்கிய இயக்கம் ஒன்று தடை போட்டபோதும் ஜுபின் கேட்கவில்லை. இந்த மண்ணின் பாட்டை அவரைவிட யார் பாடினார்கள், எனக்கு நீ தடை போடுவதா என்பதுதான் அவர் தோரணை. 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக ஊர் தெருவில் இறங்கியபோது அவரும் இறங்கினார். 2021-ல் கொரோனா ரெண்டாவது அலையில் தன் இரண்டு மாடி வீட்டைக் கொரோனா மையமாக்கிக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஜாதி இல்லை, மதம் இல்லை என்று மைக் கிடைத்த இடமெல்லாம் சொல்லி, அதற்காகத் திட்டும் வாங்கினார். பெரியவர் அவர் குடியையும் சொன்னார், மறைக்கவில்லை. "வீட்டுப் பிள்ளை தப்புப் பண்ணா வெளியே தள்ளிடுவோமா?" என்றார். டீக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள்: கமார்குச்சி

சோனாபூர் பக்கம், நகரத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம். பஸ்ஸில் போனோம். மலை, வயல், நடுவே தகனம் நடந்த இடம். வழி கேட்கத் தேவையில்லை, இறங்குகிற எல்லோரும் அங்கேதான் போகிறார்கள்.

சமாதி என்று ஏதாவது பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான் பார்த்தது மூங்கில் தடுப்பு, படங்கள், பூ, அகல்விளக்கு, அப்புறம் துண்டுகள். துண்டு என்றால் கமோசா. வெள்ளைத் துணி, சிவப்புக் கரை, முனையில் சிவப்பில் பூ வேலை. மேனியைத் துடைப்பது என்று பேர், ஆனால் துடைப்பதைவிட மரியாதைக்குப் போர்த்துவதற்குத்தான் அதிகம். அவர் படத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கிடந்தது.

தொழில் புத்தி விடுமா? குனிந்து பார்த்தேன். பாதி விசைத்தறித் துணி. பாவும் ஊடையும் ஒரே சீராக, கரை ஸ்கேல் வைத்த மாதிரி, பூவின் பின்பக்கம் நூலைக் கத்தரித்துவிட்டிருக்கிறது. மீதி கைத்தறி. அதில் ஊடை ஓர் இடத்தில் நெருக்கமாக விழும், ஓர் இடத்தில் தளர்ந்திருக்கும். நெய்தவள் நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருப்பாள். பூவின் பின்னால் சிவப்பு நூல் தொங்கும். விசைத்தறிக் கமோசாவை விற்கக்கூடாது என்று இங்கே அரசு 2023-ல் தடையே போட்டது. தறி இல்லாத கிராமத்து வீடு குறைவு, அந்தப் பிழைப்பைக் காப்பதற்காக. தடையையும் மீறி வந்த துணி இங்கே கிடக்கிறது என்று தம்பியிடம் சொன்னேன். "வாங்கிட்டு வந்தவங்களுக்கு அது தெரியாதுங்கண்ணா. அழுதுட்டே வாங்கியிருப்பாங்க" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு கிழவி. எழுபது இருக்கும், மேகலா சாதர் கட்டியிருந்தாள். படத்தைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். திட்டுகிற தொனி. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "நீந்தத் தெரிஞ்சா கடலுக்குப் போயிடறதா, உனக்கு யார் சொன்னாங்கன்னு திட்டுது" என்றான் தம்பி. அன்றைக்கு நீந்தப் போன இடத்தில்தான் அவர் இறந்தார். வயது 52. கிழவி திட்டி முடித்து, கொண்டுவந்த வெற்றிலை பாக்கை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு பக்கம் மூன்று காலேஜ் பையன்கள் கிதாரோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். சுமாராகத்தான் பாடினார்கள். 'மாயாபினி' ஆரம்பித்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். குல்லா போட்டவர், நெற்றியில் திலகம் வைத்தவர், காவலுக்கு நின்ற போலீஸ்காரரும். யாரும் சத்தமாகப் பாடவில்லை. சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றும்போது தனக்குத்தானே பாடுவார்களே, அந்த அளவு. எனக்கு முதல் அடி மட்டும் தெரியும். அதை மட்டும் பாடினேன்.

தம்பி பாடவில்லை. திருப்பூரில் நாள் முழுக்கப் பாட்டுப் போடுகிறவன், இங்கே கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அஞ்சாம் நாள்: ஜோர்ஹாட்

ரயிலில் வந்தோம். வழியில் சொல்ல ஒன்று இருக்கிறது: தேயிலைத் தோட்டங்களுக்குத் தனி நேரம். பாகான் டைம் என்கிறார்கள். கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துக்கொள்வது. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகிற ஊரில் வெளிச்சம் வீணாகாமல் இருக்க. நம் ஊர் யூனிட்டில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவனுக்கு இது புரியும்.

ஜோர்ஹாட் ஜுபினின் குடும்ப ஊர். பெயர்ப்பலகை, டீக்கடை, ஆட்டோ பின்பக்கம் எல்லாம் அவர் முகம். மஜுலித் தீவுக்குப் படகில் போகலாம் என்றான் தம்பி. அவன் அம்மா காத்திருப்பதாகப் போன் வந்ததும் வேண்டாம் என்றுவிட்டேன். தீவு எங்கே போய்விடும்? வருஷா வருஷம் ஆறு அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அப்புறம் சொன்னார்கள்.

ஆறாம் நாள்: தம்பியின் வீடு

மூங்கில் சட்டத்தில் மண் பூசிய சுவர், தகரக் கூரை, பின்னால் குளம், பக்கத்தில் நாலு பாக்குமரம். வயலில் அறுப்புப் பாதி முடிந்திருக்கிறது. தம்பி வந்து இறங்கிய அரை மணியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு போய்விட்டான். நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன். தாத்தா காலத்தில் எங்களுக்கும் அமராவதிப் பாசனத்தில் வயல் இருந்தது. கையில் அரிவாள் பிடிக்கத் தெரியாது எனக்கு.

மத்தியானம் சாப்பாடு. குளத்து மீனில் புளிப்புக் குழம்பு, மாசர் டெங்கா. உருளைக்கிழங்கைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த பிடிகா. வாழைத்தோல் சாம்பலைக் கரைத்து வடித்த நீரில் செய்த கார். பேர்தான் கார், காரம் துளியும் இல்லை. கடுகெண்ணெய் முதல் வாயில் ஏறியது, மூன்றாவது வாயில் பழகிவிட்டது.

சாப்பிட்டதும் தட்டில் வெற்றிலை பாக்கு வந்தது. இங்கே அதற்குப் பெயர் 'தாமுல்'. தாம்பூலம்தான். மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரே சொல் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் ஒரு துண்டை வாயில் போட்டு நன்றாகக் கடித்துவிட்டேன். அது மண்ணில் புதைத்து ஊறவைத்த ஈரப்பாக்கு. நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரெண்டு நிமிஷத்தில் காது சூடாகி, நெற்றியில் வேர்த்து, தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் வந்து நின்று சிரித்தன. அந்த அம்மாவும் சிரித்தார், தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் தறியில் உட்கார்ந்தார். திண்ணையோரம் மூங்கில் கம்பு நட்டுப் போட்ட தறி. எனக்குக் கொடுக்க ஒரு கமோசா முடியும் நிலையில் இருந்தது. கால்மிதி டக், நாடா ஓடும் சத்தம், பன்னை அடிக்கும் சத்தம், திரும்பக் கால்மிதி. தறிமேல் ஒரு பழைய போன், அதில் ஜுபின். மிதிக்கும் அடிக்கும் இடையிலே குரல் மேலே வரும், அடுத்த அடியில் அமுங்கும். கேட்டுக்கேட்டுப் பழகின மாதிரியேதான் இங்கேயும் கேட்டேன். வேறு மாதிரி கேட்கும் என்று நினைத்து வந்திருந்தேன்.

அவருக்கு இந்தியும் சரியாக வராது. தம்பி நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் பிஹு மேடையில் ஜுபினைப் பார்க்க எட்டு மைல் நடந்து போனாராம். ராத்திரி பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் ரெண்டரைக்கு வந்தார். அதுவரை ஊரே வைக்கோலைப் போட்டு உட்கார்ந்திருந்தது. தம்பி அப்போது அவர் வயிற்றில். மேளம் அடித்ததும் உள்ளே உதைத்தான் என்று சொல்லிவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். தம்பி இதைத் தமிழில் சொல்ல வெட்கப்பட்டான். இந்தியில் பாதி, கையால் பாதி சொன்னான்.

அப்புறம் அவர் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார். கை கூப்பினார். தம்பி உடனே மொழிபெயர்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. சும்மா."

"சொல்றா."

"எம் பையன் மொத மொத வீட்ட விட்டு வந்தப்ப, நைட்டெல்லாம் அழுவான்னு பயந்தேன்னு சொல்லுது. போன் பண்ணப்ப, 'எங்க ஓனரண்ணனுக்கு ஜுபின்தா பாட்டுன்னா ரொம்ப இஷ்டம், நாள் பூரா போடச் சொல்லுவாரு'ன்னு நாஞ் சொன்னேன். அப்பறம்தான் நிம்மதியாத் தூங்கிச்சாம். அதுக்கு நன்றி சொல்லுது."

அந்த அம்மா இன்னும் கை கூப்பியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்க்கவில்லை, அறுந்த சிவப்பு நூல் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். போனில் பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

நான் தலையை ஆட்டினேன். தட்டை என் பக்கம் இழுத்து இன்னொரு தாமுலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.